சயா சொன்ன ஹெய்ட்டி

“ராஜாவோட கழுத்தை வெட்டினான் பிரெஞ்சுக்காரன். அதே பிரெஞ்சுக்காரன் ஹெய்ட்டித் தீவுல அடிமை வெச்சிருந்தான். தூ!” என்று சீறினார் சிலுவைமுத்து. தின்கன்ஜூனில் வீட்டோடு டியூஷன் நடத்தும் வரலாற்று ஆசிரியர். எல்லோருக்கும் ‘சயா’; பர்மிய மொழியில் வாத்தியார்.

நான் மீன்குழம்பு ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன். “அப்புறம் என்னாச்சு, சயா?”

“அடிமைங்க ஒண்ணா எழும்பிக் கரும்புத் தோட்டத்தைக் கொளுத்திட்டாங்க. பின்னே? மனுஷனைச் சந்தையில நிக்கவெச்சு, வாயைத் திறக்கச் சொல்லி, பல்லைப் பார்த்து வாங்கினா?”

அவர் கண் கலங்கிவிட்டது.

“கூச்சப்படாம சாப்பிடு தம்பி, உடம்பு தேறணும்” என்று அவர் மனைவி ரோஸ் இன்னொரு துண்டு மீன் வைத்தார். மகன் ஜேசுராஜ் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். என் கண்ணைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டான்.

கை கழுவி வந்தேன். சயா டார்ச்சோடு நின்றார்.

“கொஞ்சம் வாயைத் திற தம்பி. சொத்தை இருந்தா நாளைக்குப் பட்டாள டாக்டர் திருப்பி அனுப்பிடுவான்.”

திறந்தேன். கட்டாயப் பட்டாளத்துக்குக் குலுக்கிய சீட்டில் வந்தது ஜேசுராஜின் பெயர். அவனுக்குப் பதிலாக அனுப்ப, பக்கத்து ஊர் தாகேதாவில் இவர்கள் விலைபேசிப் பிடித்த ஆள் நான்.



“நல்ல பல்லு, ரோஸ்!” என்று உள்ளே குரல் கொடுத்தார் சயா.