மஞ்சள் வட்டங்கள்

“அண்ணி, நீங்க அண்ணன்கூடக் கொஞ்சம் சண்டை போடணும்” என்றார், படங்களை விற்றுத்தரும் கேலரிக்காரர்.

ஓவியரின் மனைவி சிரித்துவிட்டாள். கேலரிக்காரர் சிரிக்கவில்லை.

பிரச்சினை மஞ்சள்தான். இரண்டு மாதமாக ஓவியர் மஞ்சள் வட்டங்களாகவே போட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார். வாங்க வந்தவர்கள், குழந்தைகள் அறைக்கு எடுப்பாக இருக்கும் என்று சொல்லிவிட்டு நழுவினார்கள்.

ஊர் தலையில் தூக்கிவைத்து ஆடியது அவருடைய கறுப்பை. திரை முழுக்கக் கறுப்பு, நடுவே கீறினாற்போல் ஒரு வெள்ளைக் கோடு. ஒரு விமர்சகர் அதில் பிரபஞ்சத்தின் தனிமையைக் கண்டார். இன்னொருவர் கடவுள் காலி செய்துவிட்டுப் போன வானத்தைக் கண்டார்.

வெளியுலகம் தன் தூரிகையைத் தொடவே முடியாது என்று ஓவியர் மேடைக்கு மேடை முழங்கினார்.

உண்மை அவளுக்குத் தெரியும். ஒரு பேட்டியில் அவர், தனக்கு உறவென்று யாருமே இல்லை என்று சொல்லிவைத்தார். அப்படியே ஆகட்டும் என்று அவள் அவரோடு பேச்சை நிறுத்தினாள். கறுப்பு வந்தது அந்த வாரம்தான். அவள் கதவை ஓங்கிச் சாத்திய நாட்களில் கோடு இன்னும் மெலிந்தது.

மூன்று வருடம் ஒரே வீட்டில் இரண்டு ஊமைகள்.

பிறகு ஒருநாள் அவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். “என்னங்க” என்று அவள் தன்னை அறியாமல் அலறிவிட்டாள். அவர் தரையில் கிடந்தபடியே அழுதார். அதன்பிறகுதான் மஞ்சள்.

பெரிய வட்டம் ஒன்று, அதன்மேல் சாய்ந்துகொண்டு சின்னது ஒன்று. அதற்கு அர்த்தம் சொல்ல அவளுக்கு எந்த விமர்சகரும் தேவைப்படவில்லை. உண்மையைச் சொன்னால், அவள் சந்தோஷமாக இருந்தாள். சாப்பிட்டாயா என்று கேட்க வீட்டில் ஓர் ஆள் இருந்தார்.

கேலரிக்காரர் விடவில்லை. பெரிதாக எதுவும் வேண்டாம், வரப்போகிற கண்காட்சி முடியும்வரை வாய் திறக்காமல் இருந்தாலே போதும் என்று கெஞ்சினார்.

முடியவே முடியாது என்றாள் அவள். இப்படிக் கேட்க வந்தது மட்டும் தன் கணவருக்குத் தெரிந்தால், கேலரிக்காரரை இந்த வாசற்படி மிதிக்க விடமாட்டார் என்றும் சொன்னாள்.

கேலரிக்காரர் ஓவியரின் மூடிய அறைக் கதவை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அண்ணன்தான் அண்ணி அனுப்பினாரு. நேர்ல கேக்க அவருக்குக் கூச்சமா இருக்காம்.”

கேலரிக்காரர் குடித்து முடிக்காத டீயை அவள் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் ஓவியர் சமையலறை வாசலில் வந்து நின்று, ஒரு வாய் டீ கிடைக்குமா என்று கேட்டார். அவள் திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாக இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தார். பாத்திரம் கழுவும் ஓசை மட்டும்தான் வந்தது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஓடாத குறையாகத் தன் அறைக்குப் போனார். கறுப்பு வண்ண டப்பா திறக்கும் சத்தம் கேட்டது, கூடவே ஒரு சீட்டி.

கண்காட்சி முடிந்ததும் அவள் பேசிவிடுவாள் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.