ஜெபத்துக்கு நின்ற கார்

"எறங்குட்டி கீழே. ஜெபம் பண்ணாத வண்டியில ஏறி இருக்க உனக்கு ஆரு சொன்னா?"

தோட்ட முதலாளி ரசலையன் போட்ட சத்தத்தில் ஞானையனின் கையிலிருந்த பிரஷ் நழுவிவிட்டது. பின்சீட்டில் ஆசையாக உட்கார்ந்து பார்த்தவள் முதலாளியின் சொந்தத் தங்கை ராஜபாய். அவள் இறங்கினாள். முந்தானையில் வெள்ளைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. ரசலையன் முந்தானையைப் பார்க்கவில்லை. காரின் கதவைத்தான் குனிந்து பார்த்தார்.

"பாரு ஞானையா, இழுகிப் போச்சு. திரும்ப அடி. ஞாயித்துக்கிழமை சபை ஐயர் வந்து ஜெபம் பண்ணும்வரை ஒரு ஈ எறும்பு இதுல ஏறப்படாது. கேட்டியா?"

"சரி முதலாளி."

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பத்து, அதாவது ஆங்கில வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து வாக்கில் நடந்தது இது. மலைத் தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போன ஒரு துரையிடம் வாங்கிய பழைய கார். எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்லை. உள்ளேதான் எல்லாம் போயிருந்தது. சீட்டுத் தோல் கிழிந்து, மரச்சட்டத்தைக் கரையான் தின்று, கூரைத் துணி தொங்கிக் கிடந்தது.

திருவட்டாற்றில் ஞானையன் வீட்டை ஒட்டிய கொட்டகையில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். வேதக்கோயில் பெஞ்சுகளுக்கு வார்னிஷ் அடித்துப் பழகியவன் அவன். பழைய பெயிண்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சீட்டுக்குப் புது நார் அடைத்துத் தைத்தான். நிறம் மட்டும் முதலாளி சொன்னது. உள்ளே முழுக்க வெள்ளை.

"அழுக்கு பட்டா உடனே தெரியுமே முதலாளி" என்று சொல்லிப் பார்த்தான்.

"தெரியட்டும். தெரிஞ்சாத்தான் கழுவ முடியும்."

தங்கையோடு முதலாளி போனதும், காருக்குக் காவலாக அங்கேயே தங்கியிருந்த டிரைவர் ஏசுஅடிமை சிரித்தான். துரையிடம் இருந்தவன், காரோடு சேர்ந்து புது முதலாளியிடம் வந்தவன்.

"முதலாளிக்குப் பொண்ணு பாத்தாச்சு போலிருக்குடே. வீட்டுக்காரி செத்து வருசம் திரும்பல்ல. புதுசுக்கு வெள்ளை மெத்தை கேக்குது."

"வாயை வச்சுக்கிட்டு இருலே. காதுல விழுந்தா தொலிய உரிச்சிருவாரு."

"கூடப் பிறந்தவளுக்கே இந்தக் கதி. நாமெல்லாம் எந்த மூலைக்கு?"

வீட்டுக்குள்ளிருந்து ஞானையனின் மனைவி தேவகனி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு நிறைமாதம்.

"நம்ம பிள்ளையை ஞானஸ்நானத்துக்கு இந்தக் காருல கொண்டு போவீங்களா?"

"ஆமா, உங்க அப்பன் வாங்கிக் குடுத்த காரு பாரு" என்றான் ஞானையன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவளுக்கு வலி கண்டது. பேறு பார்க்க உள்ளே போன வயத்தாட்டி நேசம்மாள் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"பிள்ளை குறுக்கே கிடக்கு. இது என் கையில நிக்காது. மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ மக்கா. நேரம் கடத்தாதே."

ஏசுஅடிமை அதற்குள் காரின் முன்னால் நின்று வண்டியைக் கிளப்ப ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

"தூக்கிட்டு வாடே."

ஞானையன் காரைப் பார்த்தான். காலையில்தான் கடைசிப் பூச்சு அடித்திருந்தான். கதவு இன்னும் பிசுபிசுத்தது.

"வேண்டாம். ஜெபம் ஆகல்ல."

"உனக்கு என்ன, கிறுக்கா?"

"தங்கச்சி முந்தானை பட்டதுக்கே அந்தச் சத்தம். இவ ரத்தம் பட்டா? முதல்ல ஏறுனதே பேறுகாலத் தீட்டுன்னு ஆயிப்போகும். பிறகு இந்த ஊருல எனக்கு ஆரு வேலை தருவா?"

"முதலாளிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

"உன்னையும் சேத்து விரட்டுவாரு."

உள்ளேயிருந்து தேவகனியின் குரல் இழுத்து இழுத்து வந்தது.

"மாட்டு வண்டி போதும் அண்ணே. அவங்களுக்கு ஏச்சு வாங்கிக் குடுத்திராதீங்க."

ஏசுஅடிமை ஹேண்டிலைக் கழற்றித் தரையில் போட்டான்.

மாட்டு வண்டி வழியிலுள்ள அழகியமண்டபம் போய்ச் சேருமுன் தேவகனியின் முனகல் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் வண்டியைத் திருப்பினார்கள்.

மறுநாள் அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் ரசலையன் போகவில்லை. கொட்டகை வாசலில் நின்றார்.

"ஞானையா, கார் இங்கேதானே நின்னுது?"

"நின்னுது."

"ஏசுஅடிமை எங்கே போனான்?"

"எங்கேயும் போகல்ல. அவன் கூப்பிட்டான். நான்தான் வேண்டாம்னேன்."

ஞானையன் எழுந்து போய்க் காரின் கதவைத் திறந்து பிடித்தான்.

"நல்லாப் பாத்துக்கிடுங்க முதலாளி. உங்க பெயிண்டுல ஒரு நகம் படல்ல."

ரசலையன் உள்ளே பார்க்கவில்லை. கார்ச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மெல்ல மண்ணில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஜெபத்துல சொல்லலாம்னு வாயை அடைச்சு வச்சிருந்தேனே" என்றார். "என் வீட்டுக்காரியும் மாட்டு வண்டியிலதான் போனா. வலி கண்ட பொம்பளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகட்டும்னு சபைக்குக் குடுக்கத்தான்டே இந்தக் காரு."