விட்டுப்போன கையெழுத்து

"பூட்ஸ் நாம வாங்கிக் கொடுத்தது. விசா நாம போட்டது. முழங்கால் பிசகினப்ப நாலு மாசம் படுக்க வெச்சு சோறு போட்டதும் நாம. இப்ப நமக்கு ஒரு திர்ஹம் வராம ஃப்ரீயா போறான் பய!"

முகம்மது ரிபாய் போட்ட சத்தம் வெளியே கார் நிறுத்தும் இடம் வரை கேட்டது. அல் ஐனில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி நடத்தும் சின்ன கால்பந்து டீமுக்கு அவர்தான் மேனேஜர்.

எதிரே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார் கிளார்க் ரெங்கராஜ். பத்தொன்பது வருட சர்வீஸ். ஒரு தப்பு கிடையாது, நேற்று வரைக்கும்.

போகிற பயல் அருள்ராஜ். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன். கம்பெனி கிடங்கில் மூட்டை அடுக்க வந்தவன், வந்த இடத்தில் ஒரே சீசனில் பதினேழு கோல் போட்டான். துபாயில் ஒரு பெரிய கிளப் அவனைக் கேட்டது. ஒப்பந்தம் பாக்கி இருந்தால் அந்த கிளப் இவர்களுக்குப் பணம் கட்டித்தான் அவனை எடுக்க முடியும். அவனோ வாயைத் திறக்காமல் நாளை ஓட்டினான். நேற்றோடு ஒப்பந்தம் முடிந்தது. இன்று அவன் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை.

"அவனை விடுங்க. ரெண்டு வருஷ நீட்டிப்புத் தாள்ல கையெழுத்து வாங்கச் சொல்லி அர்பாப் செப்டம்பர்லயே சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு பாய். மத்த தாள்ல எல்லாம் வாங்கிட்டேன். அது ஒண்ணு விட்டுப்போச்சு."

"விட்டுப்போச்சாம்! சோத்துக்கு உப்பு விட்டுப்போன மாதிரி சொல்றீங்களே!"

கதவு திறந்தது. முதலாளி. அர்பாப் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

அவர் கையில் ரெங்கராஜின் பாஸ்போர்ட் இருந்தது. லாக்கரில் இருக்கும் பாஸ்போர்ட் கேட்காமலே வெளியே வந்தால், கூடவே ஊருக்கு டிக்கெட்டும் வரும். அது அந்த ஆபீசில் டீ போடுகிறவருக்குக்கூடத் தெரியும்.

ரெங்கராஜ் அந்த பாஸ்போர்ட்டையே பார்த்தார். மகள் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம்.

அர்பாப் வாயைத் திறப்பதற்குள் ரிபாய் மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை இந்தியில், அர்பாபுக்குப் புரியும்படி.

"கண்ணு தெரியலைன்னா கண்ணாடி மாத்து! மூளை ஓடலைன்னா எழுதி வெச்சுக்க! இந்த வருஷம் உனக்கு லீவு கிடையாது. இனிமே ஒவ்வொரு தாளையும் என்கிட்ட காட்டிட்டுத்தான் உள்ள வைக்கணும்!"

பத்து வருடமாக 'அண்ணே' என்று கூப்பிட்டவர். ஃபைலைத் தூக்கி மேஜையில் அடித்ததில் பேனா ஸ்டாண்ட் சாய்ந்தது. ரெங்கராஜின் கண் கலங்கிவிட்டது.

அர்பாப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கே சங்கடமாகப் போயிருக்க வேண்டும்.

"கலாஸ் ரிபாய், கலாஸ். வயசான ஆளு. போதும்."

பாஸ்போர்ட்டைத் திரும்ப லாக்கரில் போட்டுவிட்டுக் கிளம்பினார். ரிபாயும் விறுவிறுவென்று வெளியே போனார்.

கொஞ்ச நேரத்தில் அருள்ராஜ் தோளில் பையோடு வந்து நின்றான்.

"அண்ணே, போயிட்டு வாறேன். என்னால உங்களுக்குப் பேச்சு விழுந்துதாமே?"

"அது கிடக்கட்டும். ஒழுங்கா விளையாடு."

"ஒண்ணு கேக்கட்டா? அன்னைக்கு நீங்க விரல் வெச்ச இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அரபில என்ன எழுதியிருக்குன்னு நான் கண்டேனா? ஒரு தடவை மட்டும் ரெண்டு தாளைச் சேத்துத் திருப்பினீங்க. ஒட்டியிருக்குன்னு நெனச்சேன்."

ரெங்கராஜ் வாசலைப் பார்த்துக்கொண்டார்.

"ஒட்டலை. நீட்டிப்புத் தாளை இன்சூரன்ஸ் தாளுக்கு நடுவுல வெச்சு, சொல்லாம வாங்கணும்னு உத்தரவு. உனக்கு முன்னாடி சுரேஷ்குமார்னு ஒருத்தன். உன்னைவிட நல்லா ஆடுவான். அவன் தாள்ல விரல் வெச்சதும் நான்தான். பெரிய கிளப் வந்து கேட்டப்ப அர்பாப் சொன்ன விலையில ஓடியே போயிட்டாங்க. அவன் இப்ப கிடங்குல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறான். தினம் எனக்கு சலாம் வைக்கிறான்."

அருள்ராஜ் பையை இறக்கி வைத்தான். குனிந்து அவர் காலைத் தொட வந்தான்.

"அட, எழுந்திரு. யல்லா, கிளம்பு, பஸ் போயிரும்."

அவன் போனபின் ரெங்கராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அர்பாபிடம் மறைத்ததில் அவருக்கு வருத்தமில்லை. ஆனால் டீமுக்காக ராப்பகலாக அலைகிற ரிபாயிடம் மறைப்பது என்னவோ போல் இருந்தது.

ஸ்டோர் ரூமில் ரிபாய் ஒரு பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"பாய், நீங்க இன்னும் நாலு வார்த்தை திட்டினாலும் சரி, சொல்லிடறேன். அந்தத் தாள் தானா விட்டுப்போகலை."

ரிபாய் நிமிரவில்லை.

"ஜனவரியில ஃபைலை எடுத்துப் பார்த்தேன் அண்ணே. கையெழுத்து இல்லை. அப்பவே கூப்பிட்டு அஞ்சு நிமிஷத்துல வாங்கியிருக்கலாம். மூடி, அடியில வெச்சுட்டேன்."

ரெங்கராஜ் கிட்டே போனார்.

"அப்ப இன்னைக்கு ஏன் பாய் என்னை அந்தக் கத்து கத்தினீங்க?"

"அர்பாப் கத்துறதுக்கு மிச்சம் வைக்கக் கூடாதுன்னுதான்!"