வலிக்காத கத்தரி

பிரபு பத்தாவது இறகைப் பிடுங்கியபோது அந்தப் பெண்ணின் ரத்தம் கத்தரிக்காரன் முகத்தில் தெறித்தது.

துடைத்துக்கொள்ள அவனுக்குக் கை ஒழியவில்லை. இரண்டு கையாலும் அவளுடைய இடது சிறகை மேசையோடு அழுத்திப் பிடித்திருந்தான்.

இருபது வருஷமாக இந்தக் கொட்டகையில் சிறகர்களுக்கு இறகு வெட்டுகிறவன் அவன். சிறகர்கள் மனிதர்கள் இல்லை, விலைக்கு வாங்கலாம் விற்கலாம் என்பது சட்டம். வாங்கியவர் கொட்டகையை விட்டு ஓட்டிப்போகும் முன் அவர்களைப் பறக்க முடியாதபடி செய்துவிட வேண்டும் என்பதும் சட்டம்தான்.

அவன் கத்தரிக்கு இதுவரை ஒருவரும் முனகியதுகூட இல்லை. நகம் வெட்டுவதுபோல முடித்துவிடுவான். அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இந்தப் பிரபுவுக்குத்தான் கத்தரி ஆகாது. குறடு வேண்டும். வெட்டினால் வருஷா வருஷம் வெட்ட வேண்டும், வேரோடு பிடுங்கினால் ஜென்மத்துக்கும் முளைக்காது என்பார். அதைக் கேட்டுச் சர்க்கார் அதிகாரி தொடையைத் தட்டிச் சிரிப்பார். எல்லோரும் இப்படிக் கிளம்பிவிட்டால் தன் பிழைப்பில் மண்தான் என்று கத்தரிக்காரன் மனசுக்குள் திட்டிக்கொள்வான்.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பிரபு வந்து நின்றுவிடுவார். போன தடவை வாங்கிப்போனவர்கள் அதற்குள் தீர்ந்துபோயிருப்பார்கள். அடித்தே கொன்றுவிடுகிறார் என்று ஊரே பேசியது.

இன்று ஒரே குடும்பத்தில் மூன்று பேர். புருஷனும் கொழுந்தனும் முடிந்து, வெளியே வண்டியில் குப்புறக் கிடந்தார்கள். இவள் கடைசி.

பிரபுவின் கையிலிருந்து குறடு நழுவி விழுந்தது. மணிக்கட்டு பிசகி வீங்கியிருந்தது. வலது சிறகை நீயே பிடுங்கு, பத்தும் வேரோடு வர வேண்டும் என்று சொல்லிவிட்டு, முத்திரை வாங்க அதிகாரியோடு முன்னறைக்குப் போனார்.

கத்தரிக்காரன் குறடை எடுத்தான். கீழே வைத்தான்.

வீட்டில் ஒரு கோழி அறுக்கக்கூட அவனுக்குக் கை வராது. மனைவிதான் அறுப்பாள், அறுத்துவிட்டு அவனைக் கேலி செய்வாள். இன்று காலைகூட ஏதோ ஒரு கோழி பறந்து கூரைமேல் ஏறிவிட்டதாம். கோழிக்கு ஒழுங்காக இறக்கை வெட்டத் தெரியாதவருக்குக் கத்தரிக்காரர் என்று பேர் வேறா என்று கத்தினாள். வேலைக்கு நேரமாகிவிட்டதென்று காதில் வாங்காமல் வந்துவிட்டான்.

இடுப்பிலிருந்து கத்தரியை உருவினான்.

அதைப் பார்த்ததும் அவள் மிரண்டாள். அவர்கள் பாஷை அவனுக்குத் தெரியாது. கத்தரியைத் தள்ளிவிட்டாள். தரையில் கிடந்த குறடைக் காட்டினாள். வலியில் புத்தி பேதலித்துவிட்டது, பாவம், என்று நினைத்துக்கொண்டான்.

"வலிக்காதும்மா. கண்ண மூடிக்கோ."

பத்து இறகும் சத்தமில்லாமல் விழுந்தன. குறட்டுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள், கத்தரிக்கு விம்மி விம்மி அழுதாள். நன்றியில் அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

திரும்பி வந்த பிரபு தரையைப் பார்த்தார். முகம் வெளுத்துப்போயிற்று.

அடுத்த நிமிஷம் அவர் பூட்ஸ் கால் கத்தரிக்காரன் வயிற்றில் இறங்கியது. தலைமுடியைப் பிடித்து மேசை விளிம்பில் முகத்தை மோதினார். ஒரு பல் உடைந்து நாக்கில் புரண்டது. மறுபடியும் மோதினார்.

அதிகாரி வாசலில் நின்றபடி, விடுங்கள் பிரபு, வெட்டினாலும் சட்டப்படி செல்லும், முத்திரைதான் வைத்தாயிற்றே என்றார். வண்டி பூட்டியாகிவிட்டது.

பிரபு அவன் காதருகே குனிந்தார். கெட்ட வார்த்தை வரப்போகிறது என்று அவன் காத்திருந்தான். வந்தது உடைந்த குரல், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"அவள மட்டும் தனியா விட்டுட்டியேடா."

ரத்தத்தைத் துப்பிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தான். பிரபுவின் கண் நிறையத் தண்ணீர் நின்றது. கொல்லக் கொண்டுபோகிற மனுஷனுக்கு எதற்கு அழுகை?

கூரைமேல் ஏறிய கோழி எது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அவன் இறக்கை வெட்டிய கோழிகள் வருஷம் முடிகிறவரை வேலி தாண்டியதில்லை. வெட்டிய இறகின் அடிக்கட்டை சதைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், அது உதிராமல் புதுசு வராது. கூரைக்குப் பறந்தது, தெருநாய் கவ்வி இறக்கையின் இறகுகளை வேரோடு பிய்த்துப்போட்ட கோழி. பிழைக்காது என்று அவன் கைவிட்ட கோழி. அது நடந்து இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

இரண்டு மாதம்.

அப்படியானால் பிரபு வாங்கிப்போனவர்களில் ஒருத்தர்கூடச் சாகவில்லை. இறகு முளைத்ததும் பறந்துபோயிருக்கிறார்கள்.

மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். எஜமான் சொன்னது பத்தும் வேரோடு, தப்பு என்மேல்தான், சரிசெய்து கொடுத்துவிடுகிறேன் என்று அதிகாரிக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னான். ஒரு பல் போனால்தான் இவனுக்குப் புத்தி வருகிறது என்று அதிகாரி சிரித்தார்.

குறடை எடுத்தான். கட்டையைப் பிடுங்குவது முழு இறகைப் பிடுங்குவதைவிடக் கொடுமை. பிடிப்பதற்கு ஒன்றும் வெளியே இருக்காது, சதையைத் தோண்டித்தான் எடுக்க வேண்டும். பத்துத் தடவை.

"வலிக்கும்மா," என்றான்.

அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. வலது சிறகை அவளே மேசைமேல் விரித்துவைத்தாள்.