ஜோடி அறை

"இந்தக் கல் அறைய இடிச்சிடலாம்தானே சேர்? பங்களா அழகையே கெடுக்குது."

மனேஜர் திலக்ஷன் கொழும்பு அதிகாரியிடம் இப்படிக் கேட்டதும் அழகன் அறை வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். தலவாக்கலைக்கு மேலே பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவுக்கு அவர்தான் காவல்காரர். வலப்பக்கச் சுவரோடு ஒட்டி நிற்கும் அந்த ஒற்றை அறைதான் அவருக்கும் மனைவி பேச்சியம்மாவுக்கும் வீடு. பங்களா இப்போது ஹோட்டலாகப் போகிறது. திலக்ஷன் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் அறை அவர் கண்ணை உறுத்திவிட்டது.

ஆனால் அது பாதுகாக்கப்பட்ட கட்டடம். கொழும்பிலிருந்து வந்திருக்கும் தொல்பொருள் அதிகாரி மதுசூதனன் தலையாட்டாமல் ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாது.

மதுசூதனன் இங்கிலாந்தில் படித்தவர். அதைச் சொல்லாமல் அவருக்கு ஒரு வாய் தேநீர் இறங்காது. ஜோர்ஜ் மன்னர்கள் காலத்துக் கல் வீடுகள் அங்கே எப்படி இருக்கும் என்று விளக்கினார். நடுவில் வாசல், இரு பக்கமும் சமமாக ஜன்னல்கள், எல்லாமே ஜோடி ஜோடியாம். ஊர் ஏக்கத்தில் முதல் வெள்ளைக்காரத் துரை இங்கேயும் அப்படியே கட்டியிருக்கிறாராம்.

பிறகு அறைச் சுவரைத் தடவினார். கறுத்த கல், அங்கங்கே பாசி. மூக்கை வைத்து முகர்ந்தும் பார்த்தார்.

"நூறு வருசத் தேயிலை வாசம் கல்லுக்குள்ளயே ஊறியிருக்கு. இது பங்களாவோட பொறந்த அறை. தொடக்கூடாது."

பேச்சியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளாக்கும் என்று நினைத்து அதிகாரி அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

அதோடு விடவில்லை. ஜோடி இல்லாத அறையே கிடையாது, இடப்பக்கத்து அறை எப்போதோ இடிந்திருக்க வேண்டும் என்றார். ஹோட்டல் செலவில் அதையும் கட்டி, அந்தக் காலம்போலத் தோட்டத்து வேலையாட்களையே குடிவைத்தால்தான் அனுமதி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாகத் திலக்ஷன் நின்றார்.

ஜீப் மலை இறங்கியதும் பேச்சியம்மா சிரித்த சிரிப்பில் அழகனுக்கே பயம் வந்தது.

"ஏங்க, லயத்து ஒத்தை அறையில நெரிபடுற நம்ம மக நிஷாந்திக்கும் வீடு கெடைச்சிருச்சு. போன வருசம் நாம இதக் கட்டி, தேயிலைச் சாயம் ஊத்திக் கறுப்பாக்கும்போதே, அந்தப் பக்கமும் ஒண்ணு கட்டுவோம்னு சொன்னேன். நீங்கதான் இடுப்பு வலிக்குதுன்னீங்க. விடுங்க, அத மனேஜரே கட்டித் தரட்டும்."