மூடி

"அம்மா, கையை எடும்மா. இப்படி வாயை மூடிக்கிட்டே இருந்தா எப்படிப் படம் எடுக்கிறது?"

மாடல் அழகியான மகள் கெஞ்சினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா அசைந்து கொடுக்கவில்லை.

போன வருடம் முகவாதம் வந்து அம்மாவின் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. அதிலிருந்து கேமராவைக் கண்டாலே கை தானாக வாய்க்குப் போய்விடும்.

மகள் வீட்டுச் சுவர் முழுக்க மகளின் படங்கள். அம்மா படம் ஒன்றாவது மாட்ட வேண்டும் என்று அழுது அடம்பிடித்து ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்திருந்தாள்.

"இந்த ஒரு தடவைதான். சரியா வரலேன்னா அப்புறம் படம் எடுக்கன்னு என்னைக் கூப்பிடவே கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மா காரில் ஏறினாள்.

புகைப்படக்காரர் லேசுப்பட்டவர் இல்லை. அவர் எடுத்தால் பூசணிக்காய்கூட அட்டைப்பட அழகியாகிவிடும் என்பார்கள் பத்திரிகைக்காரர்கள். மாடல்கள் அவருக்கு வைத்த பெயரோ 'சிடுமூஞ்சி'. சட்டைக் கையில் ஒரு நூல் தொங்கினால் போதும், விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

அந்தச் சிடுமூஞ்சி இன்று கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு, "ஆஹா! பிரமாதம்! கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க... அடடா!" என்று படமாக எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார்.

மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சார்... மூடி!"

"என்ன மூடி?"

"லென்ஸ் மூடியைக் கழட்டவே இல்ல சார்!"

அவர் கேமராவைத் திருப்பிப் பார்த்துத் திருதிருவென்று விழித்தார்.

"அதானா? நான் கரண்ட் போயிடுச்சுன்னுல்ல நினைச்சேன்!"

அம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. "ஊரே மெச்சுற ஆளாம்! நானாச்சும் வாயைத்தான் மூடினேன், இவர் கேமராவையே மூடிட்டாரே!" கையை நீட்டி அவரைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள்.

மகள் ஓடிப்போய் மூடியைப் பிடுங்கினாள். குப்பென்று காபி வாசம். அம்மா சிரித்து ஓயும்வரை கேமரா ஓயவில்லை.

படம் திரையில் வந்தது. வாய் கோணல்தான். ஆனால் சிரிப்புதான் கண்ணுக்குத் தெரிந்தது.

அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள். "பரவாயில்லையே நான்! பெரிசாவே போடச் சொல்லுடி."

மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனாலும் மனசுக்குள் ஓர் உறுத்தல். ஒப்பனை அறையில் புகைப்படக்காரரின் மனைவியைத் தனியாகப் பிடித்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. சாருக்கு வயசாயிடுச்சு. மூடி இருந்தா உள்ளே ஒரே இருட்டா இருந்திருக்கும். அதுகூடத் தெரியல பாருங்க. டாக்டர்கிட்டக் காட்டுங்க. அடுத்த வாரம் என் அட்டைப்படம் வேற இருக்கு, வேற யாரையாவது வெச்சு..."

மனைவி சிரித்துக்கொண்டே அவள் கையிலிருந்த மூடியை வாங்கிக்கொண்டாள்.

"கேமரா மூடியை எல்லாம் அவர் எப்பவோ தொலைச்சாச்சும்மா. இது என் காபித்தூள் டப்பா மூடி. நீ போன்ல உங்கம்மாவைப் பத்திச் சொன்னதும் உட்கார்ந்து கறுப்புப் பெயின்ட் அடிச்சாரு."