கரண்ட் இல்லாத கிட்டார்

அவன் உட்கார்வதற்கு ஒரு பருத்தி மூட்டையைக் கொண்டுவந்து போட்டார்கள்.

உள்ளே பருத்தி இல்லை. பழைய பேப்பரைத் திணித்து, வாயில் மட்டும் கொஞ்சம் பஞ்சைப் பிதுங்க விட்டிருந்தார்கள்.

லண்டன் தொலைக்காட்சி நிலையம். சற்று நேரத்தில் நேரடி ஒளிபரப்பு.

அவன் சூட் போட்டிருந்தான். தானே தேய்த்தது. சிகாகோ மதுக்கடைகளில் கறுப்பர்களின் ப்ளூஸ் இசை வாசிக்கும்போதும் எப்போதும் சூட்தான். வாரமெல்லாம் உருக்காலையில் வெந்தவர்கள் சனிக்கிழமை பாட்டுக் கேட்க வருவார்கள். அவர்கள் முன்னால் அழுக்குத் துணியில் நிற்கக் கூடாது.

இயக்குநர் ஒரு நீலத் துணியை நீட்டினார். பண்ணைக் கூலிகள் போடும் தோள்வார் வைத்த காற்சட்டை. முழங்காலில் ஒட்டு. புதுத் துணியைக் கிழித்துத் தைத்திருந்தார்கள்.

கூடவே ஒரு மரக் கிட்டார்.

"கரண்ட் கிட்டார் வேணாம். வயக்காட்டுல ஏது கரண்ட்?"

அவனுடைய டிரம்ஸ்காரன் கிளீவ் எழுந்தான்.

"வயக்காட்டுல டிரம்ஸும் கிடையாதுண்ணே. நான் போய்ப் படுக்கவா?"

கிளீவின் கிண்டலுக்கு அவன் சிரிக்கவில்லை.

பருத்திக் காட்டை விட்டு ஓடியவன் அவன். காய் ஓடு கிழித்த விரல்களோடு சிகாகோ போய்ச் சேர்ந்தான். குடிகாரர்களின் இரைச்சலில் மரக் கிட்டார் எடுபடவில்லை. கரண்ட் கிட்டார் ஒன்றை வாங்கி ஆம்ப்ளிஃபயரில் சொருகினான்.

அன்றைக்குத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் சத்தத்தை இந்த ஊர் ஒரு தடவையாவது கேட்க வேண்டும். அதற்காகத்தான் கடல் தாண்டி வந்திருந்தான்.

நைஜல் வந்தான். அடுத்து வாசிக்கப்போகும் ராக் குழுவின் நட்சத்திரம். தோள் வரை முடி. உழைத்துக் காய்க்காத வெள்ளைக் கை.

"உங்க ரெக்கார்டக் கேட்டுத்தான் சார் பழகினேன்."

தன் எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசித்துக் காட்டினான். உச்சத்தில் ஓரிடத்தில் சறுக்கினான்.

அந்த ரெக்கார்டைப் பதிந்த அன்று, கம்பி அறுந்து அவனே தடுமாறிய இடம் அது. அந்தத் தடுமாற்றத்தையும் பக்தியோடு மனப்பாடம் செய்திருந்தான் பயல்.

"அறுந்த கம்பியக்கூட விடலண்ணே" என்றான் கிளீவ்.

நைஜல் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

அவன் நைஜலைப் பார்த்தான். "நீ சொன்னா கேப்பாங்க. என் கிட்டார்ல வாசிக்கிறேன்னு சொல்லு."

நைஜல் நெளிந்தான்.

"அடுத்து நாங்க எலெக்ட்ரிக்லதான் சார் வாசிக்கிறோம். நீங்களும் அப்படியே வாசிச்சா, எங்களப் பாத்துக் கத்துக்கிட்டீங்கன்னு நெனச்சுருவாங்க. உங்களுக்குத்தான் அசிங்கம்."

அக்கறையாகத்தான் சொன்னான்.

அவன் அந்த நீலத் துணியை எடுத்து நைஜலிடம் நீட்டினான்.

"இதெல்லாம் எனக்கு மறந்துபோச்சு தம்பி. எப்படிப் போடுறது, மூட்டைல எப்படிக் குந்துறதுன்னு நீயே செஞ்சு காட்டு. பாத்துக்கறேன்."

ஒரு நாளாவது குனிந்து வேலை செய்தவனுக்கு இது உறைத்திருக்கும்.

நைஜலுக்கு முகம் மலர்ந்தது. ஓடிப்போய் மாற்றிக்கொண்டு வந்தான். மூட்டைமேல் உட்கார்ந்தான். மரக் கிட்டாரை மடியில் வைத்தான். முதுகைக் கூனினான். கண்ணை மூடி, கன்னத்தை ஒடுக்கி, பட்டினி கிடந்தவன்போல் முகத்தை வைத்துக்கொண்டான்.

இயக்குநர் அசந்து நின்றார்.

"அசையாதே. அப்படியே இரு."

கேமராக்களை மூட்டையின் பக்கம் திருப்பச் சொன்னார்.

இருட்டுப் பக்கத்தில் நைஜலின் ஆம்ப்ளிஃபயர் சூடாகவே இருந்தது. அவன் அதிலிருந்த ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தன் கரண்ட் கிட்டாரைச் சொருகினான். கிளீவ் குச்சிகளை எடுத்துக்கொண்டான்.

ஒளிபரப்பு தொடங்கியதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒரு கேமராகூட அவன் பக்கம் இல்லை.

சூட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஆம்ப்ளிஃபயரின் சத்தக் குமிழைக் கடைசி வரை திருகினான்.